ஒரு சிட்டிகை மாங்கனீஸ்

பாழாய்ப்போன இந்தக் குளிர்விக்கிற எந்திரத்தில் இருக்கிற ஒரே தொல்லை, பொத்தானை அழுத்திவிட்டால் அப்புறம் மனுஷிக்கு வேலையே கிடையாது. கமலவல்லி அழுத்தினாள். மூலையில் கம்ப்ரஸர் சக்கு சக்கென்று மூச்சுவிட ஆரம்பித்தது, திரையில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு கெல்வின், அறையின் சூடு, என்று எண் வந்து நின்றது, சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால். இனி அது தானே இறங்கும். பத்து கெல்வினுக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும், அதற்குள் பெர்சிஸ் வந்துவிடுவாள், வந்து இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, எங்கட்டி என் கோடு, காட்டு, என்பாள். பதினேழு வருஷம் கழித்து. சாப்பிட்டிருக்கலாம். தயிர்சாதம் டப்பாவில் அப்படியே இருக்கிறது, திறக்கப் பிடிக்கவில்லை, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. ஐம்பத்திரண்டு வயசில் இதென்ன கூத்து. இந்த எந்திரத்துக்குள் எத்தனை நூறு சோதனைத் துண்டுகளை வைத்துக் குளிரவைத்திருப்பாள், ஒன்றுக்காவது இப்படிச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாளா? அதெல்லாம் வெறும் துண்டு. இது பெர்சிஸ் செய்த துண்டு, அதுதான் வித்தியாசம்.

அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், கரேலென்று, நாலு மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டி உள்ளே படுக்கவைத்திருக்கிறாள். காலையில் ஒட்டும்போது இரண்டாவது கம்பி இரண்டு தடவை பிய்ந்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்வரை அது எங்கேயோ ஒரு இழுப்பறையின் அடியில் கண்ணாடிக் குழாய்க்குள் சிவனே என்று கிடந்தது. ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறோம் பேர்வழி என்று இழுப்பறைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த திலகா, ஆராய்ச்சி மாணவி, நல்ல பெண்தான், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மேடம், இதுல பன்னெண்டுன்னு எழுதியிருக்கு, யாரோடது, குப்பைக்கா?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பெர்சிஸின் இரண்டுக்கு வால் நீளம், கோலத்தை முடிக்கிற இழுப்பு மாதிரி ஒரு இழுப்பு, அதைப் பார்த்ததும் வாய் தானாக, "குடு, என் ஃப்ரெண்டோடது" என்றுவிட்டது. சரி, வாங்கினாய், பேசாமல் பைக்குள் போட்டிருக்கலாம் அல்லவா? அன்று சாயங்காலமே போனை எடுத்து அவளைக் கூப்பிடச் சொல்லி யார் அழுதார்கள்? கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து என்று போய்க்கொண்டிருந்த சினேகிதம். குரல் கேட்டு ஆறு வருஷமாவது இருக்கும். "ஏட்டி, அது இன்னும் கெடக்கா!" என்று பெர்சிஸ் போட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. "பன்னெண்டாவதுட்டி அது. அடுப்புலருந்து எடுத்த அன்னைக்கே என்னைப் போகச் சொல்லிட்டாங்க, அளக்கவே இல்ல. நீ இப்ப அளந்துராத, இரு. பதினாலாந் தேதி எங்க ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உங்க இடத்துக்குத்தான் வாரோம், ஓப்பன் டேக்கு. அன்னைக்குப் போடு. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்." தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், வாலைத் தானே தேடிப்போய்க் கையில் சுற்றிக்கொண்டவள் கமலவல்லி ஒருத்திதான்.

இருநூற்று முப்பது. திரையில் மின்தடைக் கோடு ஒழுங்காகத்தான் இறங்குகிறது, உலோகம் எப்படி இறங்க வேண்டுமோ அப்படி. குளிரக் குளிர மின்தடை குறையும், இதில் ஒன்றும் தெரியாது, எல்லாம் இருபத்தாறு கெல்வினில்தான். நல்ல துண்டாக இருந்தால் அங்கே கோடு தொபுக்கென்று கீழே விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். மின்தடை அறவே இல்லை. அதுதான் மீக்கடத்தி. உள்ளே எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடக்கின்றன, யார் மேலும் இடிக்காமல். அந்த ஜோடிக்குக் காந்தம் என்றால் ஆகாது. காந்த அணு ஒன்று வழியில் நின்றால் போதும், கையைப் பிரித்துவிடும். ஆகவே இரும்பையும் மீக்கடத்தியையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாதே என்றுதான் எம்எஸ்ஸியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் இரண்டாயிரத்தெட்டு பிறந்தது, ஜப்பானிலிருந்து சேதி வந்தது, இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு கறுப்புப் பொருள் இருபத்தாறு கெல்வினில் மீக்கடத்துகிறதாம். இரும்பு! எமனே தாலி எடுத்துக் கொடுத்த கதைதான். உலகமே ஓடியது. இங்கே, திருச்சிக்கு வெளியே பொட்டல்காட்டில் இருந்த இந்த ஆராய்ச்சி நிலையத்திலும் ஓடினார்கள், ஒப்பந்த வேலையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி, பெர்சிஸ், "நான் செய்யுதேன் சார்" என்று முதலில் கையைத் தூக்கினாள். இன்னொருத்தி கமலவல்லி. அவள் அப்போது மாங்கனீஸ்காரி, மாங்கனீஸ் ஆக்ஸைடு பொருள்களில் வேலை, அதுவும் ஒரு காலத்தில் பெரிய சங்கதிதான், ஆனால் அந்த வருஷம் அதைப் பற்றிக் கேட்க நாதியில்லை. பொறாமையா? இருந்தது. இல்லையென்று யாரிடம் சொல்ல, தன்னிடமேவா? கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே கொடியில் துணி, பெர்சிஸ் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து அனுப்புகிற முந்திரிக்கொத்தில் எண்ணி ஆளுக்குப் பாதி. அவ்வளவும் இருந்தது, பொறாமையும் இருந்தது. ஆனால் பொறாமையினால் அதைச் செய்யவில்லை, அதைமட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வாள்.

பொறாமையினால் செய்திருந்தால்கூடத் தேவலை, ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், மின்விசிறி போட்டால் பொடி பறக்கும் என்று அதை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசில் வெண்ணெய்த்தாள், தாளின் மேல் மாங்கனீஸ் ஆக்ஸைடு, அதன் மேலேயே கொஞ்சம் இரும்பு சேர்க்க வேண்டும். அவளுடைய இரும்பு பாட்டில் காலி. பெர்சிஸின் பாட்டில் அலமாரியில் இருந்தது, மஞ்சள் டேப் ஒட்டினது, நாலு மாதம் காத்திருந்து கப்பலில் வந்த இரும்பு, அவ்வளவு சுத்தம். ஒரு கரண்டி எடுத்தால் என்ன, திங்கட்கிழமை சொல்லிக்கொண்டால் போகிறது. எடுத்தாள். கை தவறிக் கொஞ்சம் அதிகம் விழுந்துவிட்டது. அதிகம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? தூக்கி எறிய வேண்டும். பாட்டிலிலிருந்து எடுத்ததைத் திரும்பப் பாட்டிலில் போடாதே: முதல் நாள் ஆய்வகத்துக்குள் காலை வைக்கிற பிள்ளைக்குச் சொல்கிற முதல் பாடம், அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் உறையூரில் சின்ன வீட்டில் பிறந்த கை. அளந்து எடுத்த பருப்பு கூடிப்போனால் டப்பாவில் திரும்பக் கொட்டுகிற கை. ஐயோ, இவ்வளவு நல்ல இரும்பு வீணாகப் போகிறதே என்று அந்தக் கைக்குப் பொறுக்கவில்லை. தாளின் மேல்புறத்திலிருந்து மெள்ள வழித்து, ஒரு சிட்டிகை, ஒன்றரைச் சிட்டிகை, பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி, பழக்கதோஷம், இரண்டு ஆட்டு ஆட்டி வைத்துவிட்டது. அடியில் இருந்த மாங்கனீஸ் கூடப் போயிருக்கும் என்று அப்போது தோன்றியதா? தோன்றியது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம் தோன்றியது. போனால் எவ்வளவு போயிருக்கும், தூசி, என்றும் கூடவே தோன்றியது. இரண்டும் கறுப்புப் பொடி, பாட்டிலுக்குள் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்ல மறந்துவிட்டது.

நூற்றெண்பத்தைந்து. மணி இரண்டரை. தண்ணீர் குடித்தாள். அப்புறம் என்ன, முதல் துண்டு செத்தது. இரண்டாவது செத்தது. இருபத்தாறு கெல்வினில் கீழே விழ வேண்டிய கோடு விழாமல், போதாக்குறைக்கு மேலே ஏறியது. பெர்சிஸ் அடுப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், பொருளில் சேர்க்கிற ஃபுளோரினைக் கூட்டினாள், குறைத்தாள். எக்ஸ்ரே எடுத்தால் பொருள் லட்சணமாகச் சரியாக இருக்கிறது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு கலப்படத்தை எக்ஸ்ரே எங்கே பார்க்கும். பெங்களூரில் ஒருவனுக்கு வந்துவிட்டதாம், பம்பாயில் வந்துவிட்டதாம், நமக்கு ஏம்மா வரவில்லை என்று குழுத் தலைவர் வாசல்படியில் நின்று கேட்பார். சுடரில் கண்ணாடிக் குழாயை மூடும்போது பெர்சிஸ் கை ஆடாது, கண்ணால் பார்த்தே மில்லிகிராம் சொல்வாள், பெர்சிஸ் கை பெர்சிஸ் கை என்று நிலையமே சொன்ன கை. அதே நிலையம், ஆறாவது துண்டுக்கு அப்புறம், என்னமோ அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை என்றது. அறிவியல்காரர்கள்தான், கைராசி என்றார்கள்! ஏழாவது செத்த அன்றைக்கு கேண்டீனில் எதிரே உட்கார்ந்து, வடையைப் பிட்டு, பிட்டதைத் தின்னாமல், "வல்லி, என் இரும்பு பாட்டிலை நீ எப்பவாச்சும் தொட்டியாட்டி?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கிற வரிசையில் கேட்டாள். "இல்லையே" என்றாள் கமலவல்லி. அவ்வளவுதான். இல்லையே. அடுத்தவள் பாட்டிலைச் சொல்லாமல் தொட்டது தப்பு, எடுத்ததைத் திரும்பப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு, முப்பத்தஞ்சு வயசில் ஒரு பச்சைப்பிள்ளை மாதிரித் திட்டு வாங்க வேண்டுமே என்று, அதுக்காக. ஒரு திட்டுக்காக. பெர்சிஸ் தலையை ஆட்டி வடையைத் தின்றாள். நம்பிவிட்டாள், அவளுக்கு நம்பாமல் இருக்கத் தெரியாது.

நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது, நேர்முகத்துக்கு இரண்டு பேரும் ஒரே நாள் போனார்கள், ஒரே ஆட்டோவில். மாங்கனீஸ்காரியிடம் வேலை செய்கிற துண்டுகள் இருந்தன, கட்டுரைகள் இருந்தன. இரும்புக்காரியிடம் பதினொரு பிணம். யாருக்குக் கொடுப்பார்கள்? நியாயமாகத்தான் கொடுத்தார்கள், அவர்கள்மேல் ஒரு சொல் சொல்வதற்கில்லை. பெர்சிஸின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது, நீட்டிக்கவில்லை. மத்தியப் பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போய்ட்டு வாரேன்ட்டி, நீயாவது உள்ள இருக்கியே, அது போதும்" என்றாள். அது போதுமாம். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்? அன்றைக்கு அவ்வளவாகக் குறுகுறுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒரு தூசிக்கு இவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அழுகை வந்தது, அது பிரிகிற அழுகை, வேறொன்றும் அதில் கலந்திருக்கவில்லை. இல்லை, கலந்திருந்ததோ? எக்ஸ்ரே பார்க்காத அளவு கலந்திருக்கலாம்.

தெரிந்தது அப்புறம், ஆறு வருஷம் கழித்து, ஒரு மாநாட்டில், பெரிய குளிர் அரங்கத்தில் பின்வரிசையில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. மேடையில் ஒரு வெளிநாட்டுக்காரர், பெயர்கூட நினைவில்லை, ஒரு படத்தைப் போட்டார். இந்த இரும்புப் பொருளில் இரும்புக்குப் பதிலாகக் கோபால்ட் போடுங்கள், தாங்கும், நிக்கல் போடுங்கள், தாங்கும். மாங்கனீஸ் போடுங்கள். ஆயிரம் இரும்புக்கு இரண்டு மாங்கனீஸ். இரண்டே இரண்டு. மீக்கடத்தல் அடியோடு போய்விட்டது. கோடு மேலே ஏறியது. அந்தக் கோட்டைக் கமலவல்லிக்குத் தெரியும். பதினொரு தடவை பார்த்திருக்கிறாள், பெர்சிஸின் தோளுக்குப் பின்னால் நின்று. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அந்தச் சொலவடை அப்படியே படமாக வந்து சுவரில் நின்றது. ஐம்பது கிராம் பாட்டிலில் ஆயிரத்துக்கு இரண்டு என்றால் நூறு மில்லிகிராம், நூறு மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகை. மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது, அவள் போடச் சொல்லாமலேயே. எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சப் பேச்சைக் கேட்டாள், குறிப்புகூட எடுத்தாள். அன்றைக்கே போன் செய்திருக்கலாம். மறுநாள். அந்த மாதம். அவள் மகள் பூப்பெய்தினதற்குப் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தாளே, அப்போது சொல்லியிருக்கலாம், அடுக்களையில் இரண்டு பேரும் தனியாகத்தான் நின்றார்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது, வேலை திரும்பி வருமா, அவள் நிம்மதியாக இருக்கிறாள், ஸ்கூல் டீச்சர், புருஷன் நல்ல மனுஷன், போய்க் குட்டையைக் கலக்குவானேன். இதை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டாள். அப்புறம், என் சிட்டிகையால்தான் செத்தது என்று யார் கண்டது, வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம் என்று ஒரு வருஷம். அப்புறம், இவ்வளவு நாள் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்று. இதற்குத்தான் வருஷக்கணக்கு, இது தீரவே தீராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள், எதிர்வீட்டைப் பற்றி.

தொண்ணூறு. மணி மூன்று இருபது. இப்போது இறக்கம் வேகம் எடுக்கிறது. சரி, இதை நேருக்கு நேர் பார்ப்போமே. பன்னிரண்டாவது துண்டு விழுந்தால் என்ன? பெர்சிஸ் கையில் பழுதில்லை என்று ஆகும், அப்புறம் அவள் கேட்பாள், மத்ததெல்லாம் ஏன்ட்டி செத்தது, இதுக்கு மட்டும் வேற இரும்பா எடுத்தேன், என்று யோசிப்பாள், யோசித்தால் பாட்டிலுக்கு வந்து நிற்பாள். விழாவிட்டால்? பெர்சிஸ் தன் கைதான் என்று நினைத்துக்கொள்வாள், விஷயம் தீர்ந்தது, பெட்டி மூடினது, இனி சாகிறவரை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆகவே கமலவல்லி என்ன வேண்டிக்கொண்டிருக்கிறாள்? சாகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து, கம்பி ஒட்டும்போதிலிருந்து, மலைக்கோட்டைப் பிள்ளையாரே இதுவும் செத்ததாக இருக்கட்டும். சீ. இதற்குப் பிள்ளையாரா. புதுக் கட்டடத்தில் லட்சத்தில் ஒரு பங்கு கலப்படத்தைக்கூட எண்ணிச் சொல்கிற எந்திரம் இருக்கிறது, துண்டின் ஓரத்தைக் கடுகளவு உடைத்து அனுப்பியிருந்தால் மாங்கனீஸ் உண்டா இல்லையா என்று இரண்டு நாளில் தெரிந்திருக்கும், மூன்று வாரம் இருந்தது, அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை? தெரியாதவரைக்கும் அது இல்லை. இவ்வளவு படித்து இதுதான் மிச்சம். அப்படி என்னத்தைக் கண்டேன் இந்த வேலையில், என்று வழக்கமான பாட்டு ஆரம்பித்தது. கமிட்டி, கொள்முதல் கோப்பு, முட்டிவலி, யாருக்கோ தலையாட்டுவது, அவளுக்குப் போயிருந்தால் அவளும் இதைத்தான் பட்டிருப்பாள், ஒரு விதத்தில் தப்பித்தாள் மகராசி. இந்தப் பாட்டு நன்றாகவே பாட வரும், எத்தனை வருஷச் சாதகம். பாடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"ஏட்டி வல்லி! கால்மணி நேரம் முன்னாலயே ஓடி வந்துட்டேன். பிள்ளைக எல்லாம் தொலைநோக்கிக்கு வரிசையில நிக்கி." பெர்சிஸ் கழுத்தில் பள்ளிக்கூட அட்டை தொங்க, மூச்சு வாங்க, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரை. "நீ அப்படியேதான் இருக்க. என்னைப் பாரு, புளிச்ச மாவு மாதிரி பொங்கிட்டேன்." கட்டிக்கொண்டாள். பவுடர் வாசனை, பஸ் வாசனை. கமலவல்லிக்கு அவள் தோளில் முகத்தை வைத்ததும் எடுக்கத் தோன்றவில்லை.

"உக்காருடீ. அறுபதுல இருக்கு."

பெர்சிஸ் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள். ஐம்பத்தைந்து. ஐம்பது. இறங்கிக்கொண்டிருந்த கோடு தட்டையானது. நாற்பத்திரண்டில் மூக்கை மேலே தூக்கியது.

"இது... அந்தப் பழைய இரும்புதானா?" என்று கேட்டாள் கமலவல்லி. தன் குரலை யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டாள்.

"வேற ஏது? பாட்டில் அடியில கிடந்ததைச் சுரண்டிப் போட்டேன். ஏறுதுல்ல?"

"ஏறுது."

முப்பது. இருபத்தெட்டு. இருபத்தாறு. விழவில்லை. இருபத்திரண்டு. இருபது. வேண்டிக்கொண்டபடியே நடந்தது, பிள்ளையார் ஒரு குறை வைக்கவில்லை. பெர்சிஸ் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டாள், பிறகு சிரித்தாள். அது பொய்ச் சிரிப்பு இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"சரி. விடு. அப்ப என் கைதான்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஒரு வகைக்கு நிம்மதிட்டி. பன்னெண்டாவது மட்டும் நல்லா வந்திருக்குமோ, வந்திருக்குமோன்னு மனசுல ஒரு மூலையில கெடந்து அரிச்சிச்சு. இனி அரிக்காது."

"கை என்னடீ கை."

"இல்லட்டி, நெசமாத்தான். சிரிக்காத, ஒண்ணு சொல்லுதேன். எங்க வீட்ல குழம்புக்கு உப்பு அவுங்கதான் போடுவாங்க. நான் போட மாட்டேன். எடுப்பேன், கை நின்னுரும், இது அளவுதானான்னு. ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுங்க டீச்சர்ன்னாங்க, மாட்டேன்னுட்டேன். பிராக்டிகல் இருக்கே, நிறுக்கணுமே. கணக்குத்தான் எடுக்கேன் இத்தனை வருஷமா. கணக்குல கைக்கு வேலை இல்ல பாத்தியா."

பிசிக்ஸ் டீச்சர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதே இல்லை, என்ன பாடம் எடுக்கிறாய் என்று ஒரு வாழ்த்தில்கூடக் கேட்டதில்லை. உப்பு. கண்ணால் மில்லிகிராம் சொன்னவள் குழம்புச் சட்டி முன்னால் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், தினமும், காலையும் மாலையும், பதினேழு வருஷம். பேசாமல் இருந்தால் போதும். இப்போது, இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள், டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடலாம். வாயைத் திறக்காதே வல்லி. திறக்காதே. ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் இதைவிடச் சுலபமாக ஒன்று வாய்க்காது.

"பெர்சிஸ், உன் கை இல்லடீ," என்றாள்.

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. நான்தான். உன் இரும்புல மாங்கனீஸ் விழுந்திருக்கு. நான் போட்டது." சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த வழியில்லை, ஞாயிற்றுக்கிழமை, வெண்ணெய்த்தாள், கூட விழுந்தது, வீணாகப் போகுமே என்று வழித்துத் திரும்பப் போட்டது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. "கேண்டீன்ல நீ கேட்டப்ப இல்லைன்னேன். திட்டுவியேன்னு சொன்னேன்டீ, வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா. இவ்வளவு பண்ணும்னு அப்ப தெரியாது."

கம்ப்ரஸர் அடித்துக்கொண்டிருந்தது. பெர்சிஸ் கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"பதினோரு வருஷமா."

"பதினோரு வருஷம்." அதை அவள் கணக்கு டீச்சர் மாதிரி மெள்ளச் சொன்னாள். "எம் மக சடங்குக்கு வந்தியே, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"முன்னால."

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவியே வல்லி. ஜிகினா எல்லாம் ஒட்டி. அதுல ஒரு ஓரத்துல எழுதியிருக்கலாம்ல?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கமலவல்லி அழுதிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள், ஒன்றுக்கும் இடமில்லாமல் போனது. வெளியே தாழ்வாரத்தில் பிள்ளைகள் சத்தம் வர ஆரம்பித்தது. பெர்சிஸ் எழுந்து அட்டையைச் சரிசெய்துகொண்டு கதவு வரை போனாள். அங்கே நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன். இதுக்காவது நெசத்தைச் சொல்லு. இந்த வேலை ஒனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

கமிட்டி, கோப்பு, முட்டிவலி, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. என்னத்தைப் பிடிச்சது போ என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் ஒரு துண்டைக் குளிரவைத்துவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மத்தியானங்கள் இருக்கின்றனவே, எண் ஒவ்வொன்றாக இறங்க, கோடு எப்போது விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததும் தனியாக ஒரு அறைக்குள் கைதட்டிக்கொண்டு. எத்தனை மத்தியானங்கள்!

"பிடிச்சிருந்துச்சு," என்றாள் கமலவல்லி. "ரொம்ப."

பெர்சிஸ் தலையை ஆட்டினாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கும்," என்றாள்.